ஓய்வுக்கு டைவிங் போகிறீர்களா? எந்தக் கடல், எந்த மாதம் என்று முதலில் கேளுங்கள்

இந்தோனேசியாவின் பாலித் தீவுக்கு ஸ்கூபா டைவிங் போகிறேன் என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் நான் இரண்டே கேள்விதான் கேட்கிறேன். பாலியில் எந்தப் பக்கம்? எந்த மாதம்? பெரும்பாலும் இரண்டுக்கும் பதில் வராது. "பேக்கேஜ்லயே எல்லாம் வருது" என்பார்கள். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். குளிர், வாந்தி, காதில் ரத்தக்கட்டு, 65,500 ரூபாய் நஷ்டம் என்று உண்மையிலேயே எல்லாம் வந்தது. நான் தனியாகப் போயிருந்தேன். புலம்பக்கூடப் பக்கத்தில் ஆளில்லாமல் ஹோட்டல் அறையில் காதைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது, இதையெல்லாம் யாராவது முன்பே தமிழில் எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று ஆத்திரமாக வந்தது. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோவையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். நாற்பதைத் தாண்டிய பிறகுதான் டைவிங் கற்றுக்கொண்டேன். அந்தமானில் நீல் தீவில், இப்போது ஷாஹீத் த்வீப் என்று பெயர் மாறியிருக்கிறதே, அங்கே. ஓப்பன் வாட்டர் சான்றிதழ் வாங்கினேன். அதை வைத்துக்கொண்டு 18 மீட்டர் ஆழம் வரை போகலாம். அங்கே எனக்குப் பிடித்துப்போனது மீனோ பவளமோ மட்டுமில்லை. தண்ணீருக்குள் இறங்கியதும் ஃபோன் கிடையாது, யாரும் பேச முடியாது, நம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். டார்கெட், ஆடிட், கஸ்டமர் சண்டை எல்லாம் எங்கேயோ போய்விடும். அடுத்த விடுமுறையிலும் எனக்கு வேண்டியது அதுதான். வெதுவெதுப்பான தண்ணீர், காலையில் ஒன்றிரண்டு டைவ், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் ஒரு புத்தகம். அவ்வளவே.

லீவு கிடைத்தது ஆடி மாதத்தில். அங்கேயே பாதி இடங்கள் அடிபட்டுப் போயின. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற நேரத்தில் அந்தமானில் கடல் கொந்தளிக்கும், தீவுகளுக்கு இடையே ஓடும் படகு எப்போது ரத்தாகும் என்று தெரியாது. அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் நல்ல காலம். லட்சத்தீவும் மழைக்காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான், அதோடு முன் அனுமதி வேறு வாங்க வேண்டும். தாய்லாந்தின் சிமிலன் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை மூடியே வைத்துவிடுவார்கள். ஆனால் அதே தாய்லாந்தின் இன்னொரு பக்கம், வளைகுடாவில் இருக்கும் கோ தாவ் தீவில் ஆடி ஆவணியில் டைவிங் நன்றாகவே நடக்கும், அங்கே மழை கொட்டுவது நவம்பரில். இலங்கையிலும் இதே கூத்துதான். ஹிக்கடுவ இருக்கும் தென்மேற்குக் கரைக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை, திருகோணமலைக்கு மே முதல் செப்டம்பர் வரை. மலேசியாவின் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை பெரும்பாலான கடைகளைப் பூட்டிவிடுகிறார்கள். ஒரே நாட்டுக்குள்ளேயே கிழக்குக் கரைக்கு ஒரு காலம், மேற்குக் கரைக்கு ஒரு காலம். ஆகவே நாட்டை முடிவுசெய்துவிட்டு லீவு போடாதீர்கள். லீவு எப்போது என்று பார்த்துவிட்டு, அந்த மாதத்தில் எந்தக் கரை அமைதியாக இருக்கும் என்று தேடுங்கள்.

மாலத்தீவையும் பார்த்தேன். அங்கே டைவிங் வருடம் முழுக்க உண்டு, சட்டப்படி 30 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்பதும் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அங்கே பேர்போன இடங்கள் பலவும் பவளத்தீவு வளையங்களுக்கு நடுவே கடல் உள்ளே வந்துபோகும் கால்வாய்கள். நீரோட்டம் அதிகம், புதிதாகக் கற்றவர்கள் வளையத்துக்கு உள்பக்கம் இருக்கிற திட்டுகளில் இறங்குவதே நல்லது. இன்னொன்று, தூரத்து ரிசார்ட்டுகளுக்குப் போகும் கடல்விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும். நம் விமானம் சாயங்காலம் போய் இறங்கினால் மாலேயில் ஒரு இரவுக்குத் தனியாக அறை எடுக்க வேண்டும், அது விலைப்பட்டியலில் தெரியாது. கணக்குப் போட்டுப் பார்த்ததில் எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

இந்த நேரத்தில்தான் ஒரு டிராவல் ஏஜென்ட் பாலியைச் சொன்னார். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அங்கே வறண்ட காலம், மழை இருக்காது. அது உண்மைதான். பண்ணிய டைவ்களையெல்லாம் குறித்து வைக்கும் என் லாக்புக்கை ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். நான் டைவ் பண்ணியதெல்லாம் அந்தமானில், அமைதியான தண்ணீரில்தான் என்று எழுதியும் போட்டேன். நீரோட்டம் எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, "மேடம், சின்னப் பசங்களே பண்றாங்க. மான்ட்டா பார்க்கலாம், மோலா மோலா பார்க்கலாம், சீசன் டைம்ல போறீங்க, லக்கி நீங்க" என்றார். மான்ட்டா என்பது பெரிய திருக்கை மீன், மோலா மோலா இன்னொரு பெரிய கடல் மீன். பிறகு விசாரித்தால், என் லாக்புக்கை அவர் அங்கிருக்கும் டைவ் கடைக்கு அனுப்பவே இல்லை. கடைக்காரர்களுக்குப் போயிருந்தது என் பெயர், உயரம், எடை, ஷூ சைஸ் மட்டும்.

போய் இறங்கிய அன்றே பேக்கேஜில் இல்லாத செலவுகள் தொடங்கின. விமான நிலையத்தில் விசாவுக்கு 5 லட்சம் ரூப்பியா. கேட்டால் தூக்கிவாரிப் போடும், நம் பணத்தில் இரண்டாயிரத்து எழுநூறு பக்கம்தான் வரும். 2024 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டுக்காரர்களிடம் பாலி அரசு தனியாக ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் ரூப்பியா வாங்குகிறது, அதையும் கட்ட வேண்டும். இதெல்லாம் சில்லறை, விடுங்கள். பெரிய பிரச்சினை, அறையைக் கூட்டாவில் போட்டிருந்தார்கள். பாலியின் தெற்கில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ராத்திரி இரண்டு மணி வரை பாட்டுச் சத்தம் ஓயாத இடம். டைவிங்கோ நுசா பெனிடா என்ற வேறொரு தீவில். விடிவதற்கு முன்னால் வேன் வரும், நாலு ஹோட்டலில் ஆள் ஏற்றும், சனூர் துறைக்குப் போகும், அங்கிருந்து விரைவுப் படகில் முக்கால் மணி நேரம். சாயங்காலம் அதே வழியில் டிராஃபிக்கில் நகர்ந்து திரும்பினால் குளித்துவிட்டு விழவே நேரம் இருக்கும். ஓய்வுக்கு வந்தவள் கோவையில் ஆபீஸ் போவதைவிட முன்னால் எழுந்துகொண்டிருந்தேன். டைவிங் இடத்துக்கும் தங்கும் இடத்துக்கும் எவ்வளவு தூரம், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வேனிலும் படகிலும் போகும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். படுக்கையிலிருந்து பத்து நிமிடத்தில் தண்ணீரில் இறங்க முடியாத இடத்தை இனிமேல் நான் ஓய்வு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் மான்ட்டா பாயிண்ட். நுசா பெனிடாவின் தென்கரை, இந்தியப் பெருங்கடலைப் பார்த்த மாதிரி செங்குத்தான பாறைச் சுவர். ஆழம் அதிகமில்லை. ஆனால் திறந்த கடலிலிருந்து வரும் அலை நேரே வந்து அந்தச் சுவரில் மோதித் திரும்பும். படகு ஆடிய ஆட்டத்தில் சிலிண்டரை மாட்டுவதற்குள் எனக்கு வாந்தி. என்னோடு வந்த ஒரு ஆஸ்திரேலியக் குடும்பமே வரிசையாகத் தலையைத் தொங்கப் போட்டிருந்தது. தண்ணீருக்குள்ளும் அலை முன்னால் தள்ளும், பின்னால் இழுக்கும். மான்ட்டா வந்தது, பொய் சொல்லக்கூடாது. தலைக்கு மேலே ஒரு பாய் விரித்த மாதிரி வந்து, திரும்பி, வெள்ளை வயிற்றைக் காட்டிவிட்டுப் போயிற்று. அதைப் பார்த்த சந்தோஷம் படகேறியதும் இரண்டாவது வாந்தியில் கரைந்துவிட்டது. குமட்டல் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் படகேறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே சாப்பிட வேண்டும், தூக்கம் வராத வகையா என்று ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு, ஒரு நாள் தரையில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு எடுத்துப் போக வேண்டும். படகில் ஏறிய பிறகு யாரோ நீட்டும் மாத்திரை வயிற்றில் நிற்காது.

மறுநாள் கிரிஸ்டல் பே. கரையிலிருந்து பார்க்க அழகுதான். தென்னை, வெளிர் மணல், விரிகுடா வாயில் ஒரு சின்னப் பாறைத் தீவு, அதன் மேல் ஒரு கோயில். விரிகுடாவுக்குள் தண்ணீர் சாது. ஆபத்தெல்லாம் அந்தப் பாறையைத் தாண்டி வெளியே. அங்கேதான் மோலா மோலா வரும். ஆள் உயரத்துக்கு மேலே வளரும் தட்டை மீன், பாதி உடம்பை வெட்டிவிட்ட மாதிரி இருக்கும். ஆழத்துக் குளிர்நீரில் திரியும் இந்த மீன், ஜூலையிலிருந்து அக்டோபர் வரை மேலே வந்து தன் உடம்பில் ஒட்டிய பூச்சிகளைச் சின்ன மீன்களைத் தின்னவிட்டுச் சுத்தம் செய்துகொள்ளும். ஏன் அந்த மாதங்களில் வருகிறது? நம் ஊரில் ஆடிக் காற்று அடிக்கும்போது அங்கே தென்கிழக்குக் காற்று அடிக்கிறது. அது மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போக, அடியிலிருக்கும் குளிர்நீர் மேலே ஏறுகிறது. அந்தக் குளிரோடுதான் மீனும் ஏறி வருகிறது. அதாவது ஏஜென்ட் சொன்ன "மோலா சீசன்" என்றால் குளிர்நீர் சீசன் என்று அர்த்தம். தண்ணீர் 20 டிகிரிக்கும் கீழே போகும். எனக்குக் கொடுத்திருந்ததோ 3 மில்லிமீட்டர் தடிமனில் வெட்சூட் என்ற குளிர்தாங்கும் ரப்பர் உடை, அதிலும் முழங்கையில் கிழிசல். 5 மில்லிமீட்டராவது இருந்திருக்க வேண்டும், தலைக்கு ஹுட் வேறு.

நீரோட்டத்துக்குக் காரணம் இதைவிடப் பெரியது. பாலிக்கும் பக்கத்துத் தீவான லொம்போக்குக்கும் நடுவே இருக்கும் நீரிணை வழியாகப் பசிபிக் பெருங்கடலின் தண்ணீர் இந்தியப் பெருங்கடலுக்குப் பாய்ந்துகொண்டே இருக்கிறது. நுசா பெனிடா அந்த வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் ஏற்ற இறக்க ஓதமும் சேர்ந்துகொள்ளும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் இன்னும் வேகம். நான் போனது பௌர்ணமிக்கு மறுநாள். அந்தக் கடையில் தேதி போடும்போது யாரும் காலண்டரைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தண்ணீருக்குள் வழிகாட்டிக் கூட்டிப்போகும் டைவ் மாஸ்டர் ஒருவருக்கு நாங்கள் ஆறு பேர். எனக்கு ஜோடியாக விட்டது அன்று காலையில்தான் முகம் பார்த்த ஒரு இளைஞனை, கையில் பெரிய கேமரா. பாறையைச் சுற்றிப் போகும்போதே குளிர் ஒரு சுவர் மாதிரி வந்து முகத்தில் அடித்தது. தண்ணீர் கண்ணெதிரே மங்கலாகி நெளிந்தது. மேல் நீரும் கீழ் நீரும் கலக்கும் இடத்தில் அப்படித்தான் தெரியுமாம். யாரோ மோலா என்று கை காட்ட, கேமராக்காரர் பாய்ந்து போய்விட்டார். நான் மூச்சு விட்டேன். குமிழிகள் மேலே போகாமல் என் மார்புக்குப் பக்கவாட்டில் வந்து கீழே இறங்கின. அதைப் பார்த்த நொடியில் வயிறு கலங்கிவிட்டது. காலை உதைக்கிறேன், பாறை என் கண்முன்னால் மேலே போகிறது. உண்மையில் போவது நான், கீழே. கையில் கட்டியிருந்த, ஆழம் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் கத்தியது. 15 மீட்டரில் இருந்தவள் பார்த்தபோது 26. காதுக்குள் அழுத்தத்தைச் சமப்படுத்த (ஈக்வலைஸ் பண்ண) நேரமே கிடைக்கவில்லை, வலது காதுக்குள் ஊசி விட்ட மாதிரி வலி.

என்னைக் காப்பாற்றியது நீல் தீவில் எனக்குக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் ஒரு மழை நாளில் கரையில் உட்காரவைத்துச் சொன்னது. கீழே இழுக்கும் தண்ணீரை எதிர்த்து நேர்மேலே நீந்தாதே, மூச்சுதான் தீரும். பாறை பக்கத்தில் இருந்தால் அதைப் பிடித்துக்கொள், பிடித்துப் பிடித்து ஏறு. இல்லையென்றால் பாறையை விட்டுப் பக்கவாட்டில் விலகு, அந்த இழுப்பு அகலம் குறைவாகத்தான் இருக்கும். மிதப்புக்காகப் போட்டிருக்கும் காற்றுச் சட்டையில், அதுதான் பி.சி.டி., காற்று ஏற்று. ஆனால் கை அதன் காற்றுத் திறப்பிலேயே இருக்கட்டும், இழுப்பு விட்டதும் ராக்கெட் மாதிரி மேலே கிளம்பிவிடுவாய். நான் உயிரில்லாத பாறை விளிம்புகளாகப் பார்த்துப் பிடித்து ஏறினேன். சாதாரணமாகப் பவளத்தைத் தொடக்கூடாது என்பது எனக்கும் தெரியும், அந்த நேரத்தில் உயிர்தான் பெரிதாகத் தெரிந்தது. இழுப்பு சட்டென்று விட்டது, உடனே காற்றை வெளியேற்றினேன், உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற 5 மீட்டரில் ஒரு வழியாக நின்று மூன்று நிமிடம் எண்ணினேன். சுற்றிப் பார்த்தால் யாரும் இல்லை.

மேலே வந்தபோது படகு தூரத்தில் விரல் நீளம் தெரிந்தது. மாஸ்க்குக்குள் ரத்தம், மூக்கிலிருந்து. மேற்பரப்பில் நாம் இருப்பதைக் காட்ட ஊதி உயர்த்தும் ஆரஞ்சு நிறக் குழாய் ஒன்று உண்டு, அது டைவ் மாஸ்டரிடம் மட்டும்தான் இருந்தது. நான் கையை ஆட்டினேன், கத்தினேன். அலைக்கு நடுவே ஒரு தலை யாருக்குத் தெரியும்? எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அம்மாவின் முகம் வந்தது, வங்கி லாக்கர் சாவியை யாரிடம் கொடுத்தோம் என்ற அசட்டு யோசனையும் வந்தது. கடைசியில் வேறொரு கடையின் படகுதான் என்னைப் பார்த்து ஏற்றிக்கொண்டது. எங்கள் படகில் அதுவரை ஆள் எண்ணிக்கையே எடுக்கவில்லை. அந்த ஆரஞ்சுக் குழாயும் ஒரு விசிலும் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். வாடகைக்கு எடுக்காதீர்கள், சொந்தமாக வாங்கி பி.சி.டி. பையில் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் இருந்தபடி அதை ஊதி மேலே விடவும் ஊரிலேயே பழகிக்கொள்ளுங்கள். தனியாகப் போகிறவர்கள் இன்னொன்றும் கேளுங்கள்: ஜோடியாக யாரை விடுவீர்கள்? கேமராக்காரர் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லலாம், தப்பே இல்லை. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் தனி டைவ் மாஸ்டரே கிடைப்பார். எனக்கு ஆன நஷ்டத்தில் கால்வாசிகூட ஆகியிருக்காது.

அன்றிரவு காது அடைத்து, தலை சுற்றியது. தம்பிக்கு ஃபோன் போட்டேன். "அக்கா, உடனே டாக்டரைப் பாரு, பணத்தைப் பத்தி யோசிக்காதே" என்றான். அவன் அப்படிச் சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. கிளினிக்கில் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தார். செவிப்பறை கிழியவில்லை, ரத்தம் கட்டியிருக்கிறது. சில வாரங்களுக்கு டைவிங் கூடாது, காதில் தண்ணீர் படக்கூடாது, மறுபடி பார்த்துச் சொன்ன பிறகுதான் விமானம் ஏறலாம் என்றார். அத்தோடு விடுமுறையின் டைவிங் முடிந்தது. மிச்ச டைவ்களுக்கு முன்பே கட்டிய 31,000 ரூபாய் திரும்பி வரவில்லை. கிளினிக்கும் மருந்தும் 13,500. டிக்கெட் தேதி மாற்ற 12,000. கூடுதல் நாட்களுக்கு அறையும் டாக்சியும் 9,000. ஊருக்கு வந்து இன்ஷூரன்ஸ் கேட்டால், சாகச விளையாட்டில் ஏற்பட்ட காயம், பாலிசியில் வராது என்று ஒரே வரியில் மெயில். விசாவுக்காகவும் சம்பிரதாயத்துக்காகவும் எடுக்கும் பயண இன்ஷூரன்ஸ் பலவற்றில் ஸ்கூபா கிடையாது. சிலதில் இருக்கும், ஆழத்துக்கு வரம்பு வைத்து, சான்றிதழ் வரம்பைத் தாண்டினால் இல்லை என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பொடி எழுத்தைப் படியுங்கள். டைவர்களுக்கென்றே இருக்கும் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் போன்ற அமைப்புகள் வழியாகத் தனிக் காப்பீடு எடுக்கலாம், உடம்பில் நைட்ரஜன் குமிழி கட்டிவிட்டால் தரும் அழுத்த அறை சிகிச்சை வரை அதில் வரும். அந்தச் சிகிச்சை தேவைப்பட்டால் லட்சக்கணக்கில் ஆகும் என்பதை நினைவில் வையுங்கள். போகிற ஊரில் அழுத்த அறை எங்கே என்பதையும் கிளம்பும் முன் தெரிந்துகொள்ளுங்கள். பாலியில் டென்பசார் அரசு மருத்துவமனையில் இருக்கிறது.

விமானம் ஏற அனுமதி வரும் வரை கூட்டாவில் கிடக்க மனமில்லை. கிளினிக்கில் இருந்த நர்ஸ் அம்மா, வடகிழக்கே ஆமெட் பக்கம் போங்கள், சத்தம் இருக்காது என்றார். டாக்சியில் மூன்று மணி நேரம். போன பிறகுதான் எனக்கு வயிறெரிந்தது. நான் கோவையில் உட்கார்ந்து கனவு கண்ட இடம் அப்படியே அங்கே இருந்தது. கறுப்பு எரிமலை மணல், இரண்டு பக்கமும் மூங்கில் மிதவை கட்டிய மீன்பிடிப் படகுகள், பின்னால் ஆகுங் எரிமலை. அறை வாசலிலிருந்து இறங்கினால் கடல். பக்கத்தில் துலம்பென் என்ற ஊரில், 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கிச் சேதமான லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் கிடக்கிறது. கரையில் ஏற்றி நிறுத்தியிருந்தார்களாம். 1963-ல் ஆகுங் வெடித்தபோது அது கடலுக்குள் சரிந்துவிட்டது. கரையிலிருந்து முப்பது நாற்பது மீட்டர் நீந்தினாலே கப்பல். மேல்பாகம் 5 மீட்டரில், அடிப்பாகம் 30 மீட்டர் பக்கம். படகே வேண்டாம். அந்த ஊர்ப் பெண்கள் தலையில் சும்மாடு வைத்து டைவிங் சிலிண்டரைச் சுமந்துகொண்டு கூழாங்கல் கரையில் வழுக்காமல் நடந்து போகிறார்கள். நான் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்து அவர்களை வேடிக்கை பார்த்தேன். அதே தீவு, அதே மாதம், அதே காசு. ஏஜென்ட் கூட்டா என்று போட்ட இடத்தில் துலம்பென் என்று போட்டிருந்தால் போதும்.

பிறகு காது முழுதும் ஆறி, டாக்டர் சரி என்று சொல்லி, ஒரு மே மாதத்தில் நேரே அங்கேயே போனேன். நினைத்தது கிடைத்தது. ஆனாலும் குறை சொல்ல இருக்கிறது. கரையில் கூழாங்கற்கள் உருளும், அலை இருக்கும் நாளில் காலில் துடுப்பு மாதிரி இருக்கும் ஃபின்னை மாட்டுவதற்குள் இரண்டு முறை விழுந்தேன். அடி கெட்டியான பூட்ஸ் வேண்டும். ஒன்பது பத்து மணிக்குத் தெற்கிலிருந்து வேன் வேனாகக் கூட்டம் வந்துவிடும், கப்பலைச் சுற்றிச் சந்தைக்கடை. அந்த ஊரிலேயே தங்கினால் விடியும்போது இறங்கிவிடலாம். நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் கூட்டமாகத் திரிவதை அந்த நேரத்தில்தான் பார்க்க முடியும். டிசம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம், இந்தக் கரையிலும் அலை ஏறும், தண்ணீர் கலங்கும். மார்ச்சில் போகிறவர்கள் நியெபி நாள் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சக ஆண்டுப் புத்தாண்டு அது. ஒரு நாள் முழுக்க ஊரே அடங்கிவிடும், விமான நிலையத்தையும் மூடுவார்கள், ஹோட்டலை விட்டு வெளியே வர முடியாது. சைவக்காரர்களுக்கு டெம்பே என்ற சோயாக் கட்டியும், காடோ காடோ என்ற கடலைக் குழம்பு ஊற்றிய காய்கறியும், சோறும் உண்டு. சம்பலில் மட்டும் இறால் விழுது சேர்ப்பார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

அங்கிருந்து திரும்பும்போது ஒன்று கவனிக்க வேண்டும், இதை டிரைவர்கள் சொல்ல மாட்டார்கள். துலம்பெனில் டைவ் முடித்துவிட்டு அப்படியே கிந்தாமணி என்ற மலையூர் வழியாக எரிமலை பார்த்துக்கொண்டு உபூத் ஊருக்குப் போகலாம் என்பார்கள். கிந்தாமணி 1,500 மீட்டர் உயரம். டைவ் பண்ணியவர்கள் உடம்பில் நைட்ரஜன் தங்கியிருக்கும், அன்றே அவ்வளவு உயரம் ஏறுவது விமானம் ஏறுகிற மாதிரிதான். கடற்கரைச் சாலையிலேயே போகச் சொல்லுங்கள். விமானத்துக்கு, தொடர்ந்து டைவ் பண்ணியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி என்பது பொதுவான அறிவுரை. நான் கடைசி நாளை முழுசாகவே விட்டுவிடுகிறேன். பிரஷர், சுகர், வீசிங் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவப் படிவத்தை ஊரிலேயே டாக்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிப் போங்கள். அங்கே போய் "ஆமாம்" என்று டிக் அடித்தால், டாக்டர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். கட்டிய பணம் நிற்கும்.

இந்த இரண்டாவது பயணத்துக்கு நான் ஏஜென்டிடமே போகவில்லை. டைவ் கடைகளுக்கு நேரடியாக மெயில் போட்டேன். லாக்புக் ஃபோட்டோ, போகும் தேதிகள், 18 மீட்டருக்கு மேல் வேண்டாம் என்று ஒரு வரி. பிறகு கேள்விகள்: அந்த வாரத்தில் தண்ணீர் எத்தனை டிகிரி, என்ன வெட்சூட் கொடுப்பீர்கள், ஒரு டைவ் மாஸ்டருக்கு எத்தனை பேர், படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, முதல் டைவ் எங்கே, நான் வேண்டாம் என்றால் பணம் என்னாகும். பாதிக் கடைகள் விலைப்பட்டியலை மட்டும் அனுப்பின. அவற்றை அப்போதே ஒதுக்கிவிட்டேன். வேண்டுமென்றே ஒரு கேள்வியைக் கடைசியில் சேர்த்திருந்தேன்: ஆகஸ்டில் வந்தால் கிரிஸ்டல் பே கூட்டிப்போவீர்களா? நிறையப் பேர் தாராளமாக என்று எழுதினார்கள். துலம்பெனில் இருக்கும் ஒரு சின்னக் கடை மட்டும், உங்கள் லாக்புக்குக்குக் கூட்டிப்போக மாட்டோம், முதலில் இங்கே கரையோரமாக இறங்குவோம், உங்களைத் தண்ணீரில் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பேசலாம் என்று பதில் போட்டது. மற்றவர்களைவிட விலை கொஞ்சம் கூடத்தான். அங்கேதான் பணம் கட்டினேன்.